பரணில் கவிழ்த்த குடம்

எங்கள் தெருவில் ஆம்பளை தண்ணீர் தூக்குகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது முருகையன் மாமா வீடு. சுண்ணாம்புக்கல் லாரி எடுக்கப் போவதற்கு முன்னால், டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு விடியும்போதே அடிபம்புக்கு வந்துவிடுவார். அங்கே நிற்கிற பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். 'வாங்க மருமவளே' என்று ஒருத்தியாவது சொல்வாள். மாமா சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 'மருமவளே' என்கிற பட்டத்தை அவருக்கு வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு சொல்ல வேண்டியது அதைவிடக் கேவலம்.

இது அவர் மனைவி வெற்றிச்செல்வியைப் பற்றியது. எனக்குச் செல்வியக்கா. அவள் வீட்டு அடுப்படிப் பரணில் ஒரு பித்தளைக் குடம் நான்கு வருடமாகக் கவிழ்ந்து கிடந்தது. தாய்வீட்டுச் சீராக வந்த குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாக 'வெற்றிச்செல்வி 1995' என்று வெட்டியிருக்கும். அந்தக் குடம் ஏன் பரணுக்குப் போனது என்பதற்கு அக்கா ஒரு காரணம் வைத்திருந்தாள். என்னிடம் வேறொன்று இருந்தது. அவளுடைய காரணம் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நான்கு வருடம் அவள் வீட்டில் சோறு தின்றேன்.

அக்கா கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஏழு வயது. தா.பழூர்ப் பக்கத்துப் பெண். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊரிலிருந்து, ஒரு குடம் தண்ணீருக்கு இருபது பேர் நிற்கிற ஊருக்கு வந்தவள். செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் பாதி வழி வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் கல் வெட்டின பள்ளம். வந்த புதிதில் தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் நடப்பாள். நாங்கள் பின்னாலேயே போய் எப்போது சிந்தும் என்று பார்ப்போம். சிந்தாது.

பன்னிரண்டாவது வரை படித்தவள். ஜாக்கெட் தைப்பாள். நான் ஒன்பதாவதில் கணக்குக்குப் பதினொரு மார்க் வாங்கி, பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராது என்று நின்றுவிட்டபோது, ஊரே என் அப்பாவிடம் துக்கம் விசாரித்தது. அக்கா மட்டும் மார்க் அட்டையைப் பார்த்துவிட்டு, "பூச்சியம் இல்லியே, விடு" என்றாள். என் சேட்டைக்கெல்லாம் முதல் சிரிப்பு அவளுடையதுதான். எங்கள் கடை பெஞ்சில் தூங்கிய இரண்டு லாரி கிளீனர்களின் கைலி நுனியை நான் ஒன்றாக முடிந்துவைத்த அன்றைக்கு, அவர்கள் துரத்திக்கொண்டு வந்தபோது, தையல் மிஷினுக்கு அடியில் என்னை ஒளித்துவைத்து மேலே துணியைப் போட்டு மூடியது அவள்தான். துணி குலுங்கியது. நான் சிரிக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருந்தால் பிடித்திருப்பார்கள். குலுங்கியது சிரிப்பை அடக்கிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா.

எட்டு வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. எங்கள் ஊரில் அதை யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, காரியத்தில் காட்டுவார்கள். என் அக்கா சசிகலாவின் வளைகாப்புக்குச் செல்வியக்காதான் மூன்று நாள் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தாள். விசேஷத்தன்று அவளை அடுப்பைப் பார்க்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார்கள். வளையல் அடுக்கி முடித்து, ஐந்து வகைச் சோறும் பரிமாறின பிறகு, தட்டில் மிச்சமிருந்த இரண்டு கண்ணாடி வளையலை என் அம்மா அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா அதை வாங்கி, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். குறை அவளிடமா மாமாவிடமா என்று இன்றைக்கு வரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் மாமாவைக் கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் அவர்கள் திருச்சிக்குப் போய் வைத்தியம் ஆரம்பித்தார்கள். தினம் ஓர் ஊசி போட்டு அவள் வயிற்றில் முட்டையை வளர்ப்பார்கள். பிறகு அதை வெளியே எடுத்து, மாமாவுடையதோடு கண்ணாடித் தட்டில் சேர்த்து, கருவான பிறகு திரும்ப வயிற்றில் வைப்பார்கள். ஊருக்குத் தெரிந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 'எவன் புள்ளையோ' என்றுதான் போகும். அதனால் சமயபுரத்துக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பும்போது மறக்காமல் குங்குமம் வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

ஊசி மருந்து சில்லென்று இருக்க வேண்டும். ஊரில் அப்போது ஒரே ஒரு ஃபிரிட்ஜ், எங்கள் கடையில். அப்பா செல்லதுரை பெரம்பலூரில் பழையதாக வாங்கி வந்தது. கலர், சோடா, பாக்கெட் பால், குச்சி ஐஸ் எல்லாம் அதில்தான். அப்பாவும் முருகையன் மாமாவும் சின்ன வயசு சிநேகிதர்கள். மாமா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து அப்பாவிடம் ஏதோ குசுகுசுத்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு, இது ரெங்கம்மாள் ஆயாவுக்குச் சர்க்கரை ஊசி, கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும், மேலே ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதே என்றார். ரெங்கம்மாள் மாமாவின் அம்மா. ஆக ஊருக்கு ஒரு பொய், கடைக்கு ஒரு பொய். ரெங்கம்மாளிடம் மருமகளுக்குச் சத்து ஊசி என்று இன்னொரு பொய்.

தினமும் சாயங்காலம் மாமாவே வந்து, பையைப் பிரித்து, அன்றைக்கு வேண்டிய குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, பையின் வாயை மறுபடி கயிற்றால் கட்டிவிட்டுப் போவார். லாரியில் கல்லுக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்களே, அந்த முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். மறுபடி போடுவது, தினம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் வரும். ஊசி போட ஆறு மணிக்குச் சுகாதார நிலையத்து நர்சம்மா அவர்கள் வீட்டுக்கு வருவார்.

எனக்கும் ரெங்கம்மாளுக்கும் அப்போது பகை. நான் முந்திரிக்கொட்டை பொறுக்கி விற்று அரியலூரில் படம் பார்த்ததை அவள்தான் அப்பாவிடம் வத்தி வைத்தாள். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் விளக்குமாற்றால் வாங்கினேன். அந்தச் சூடு ஆறவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்காதே என்று அப்பா சொன்னது அதனால்தான் எனக்கு ஒரு யோசனையாகக் காதில் விழுந்தது. கிழவிக்கு ஊசி எலும்பு வரை சில்லென்று ஏறட்டும், அலறுகிற அலறலைத் தெருவில் நின்று கேட்கலாம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் மாமா வந்துவிட்டுப் போன பிறகு, நுனியை இழுத்து அவிழ்த்து, மிச்சமிருந்த குப்பிகளைக் குச்சி ஐஸுக்கு நடுவில் அடுக்கிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் மருந்தெல்லாம் வெள்ளைக் கட்டியாக நின்றது. இவ்வளவு கெட்டியானால் ஊசியில் ஏறாதே, மாட்டிக்கொள்வோமே என்று அப்போதுதான் பயம் வந்தது. சோடாப் பெட்டி மேல் வெயிலில் வைத்து உருக்கி, பாவாடையில் துடைத்து, பைக்குள் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தேன். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே தெளிவாக இருந்தது. முடிச்சுதான் வரவில்லை. நாலு தரம் முயன்று, கடைசியில் ஜடைக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி ஒன்றைப் போட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். பையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாழ்க்கையில் அதுவரை காட்டாத அக்கறையோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஆறரை வரைக்கும் நான் தெருமுனையில் நின்றேன். அலறல் வரவில்லை. சேட்டை பொய்த்துப்போனது என்கிற வருத்தம்தான் அன்றைக்கு எனக்கு.

இரண்டு நாள் கழித்து ரெங்கம்மாள் கடைக்கு வந்து ஆரஞ்சு கலர் கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா.

"ஏன் ஆயா, சக்கரைய வச்சுக்கிட்டுக் கலர் குடிக்கிறியே, தாங்குமா?"

"யாருக்குடி சக்கர?" என்றாள் கிழவி. "எங்க வம்சத்துலயே கெடையாது. ஒரு படி வெல்லத்த ஒத்தையாத் திம்பேன், பாக்குறியா?"

மடமடவென்று குடித்து, ஏப்பம் விட்டு, போய்விட்டாள். அப்பாவிடம் போய், அந்த மருந்து யாருக்கு என்று கேட்டேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "செல்விக்கு. புள்ள உண்டாவறதுக்கு. வெளில மூச்சு வுட்ட, ரெண்டு காலயும் ஒடிச்சுருவேன்" என்றார்.

இங்கேதான் நான் என்னை மன்னிக்க முடியாத இடம். அன்றைக்கு இன்னும் இரண்டு நாள் ஊசி பாக்கி இருந்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் மாமா திருச்சிக்கு ரயில் ஏறி வேறு மருந்து வாங்கி வந்திருப்பார். உறைந்தால் மருந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் ஏதோ ஆகும் என்று தெரியும். இல்லாவிட்டால் அப்பா ஏன் வைக்காதே என்று சொல்லப்போகிறார். நான் என் இரண்டு காலையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் திருச்சிக்குப் போனவர்கள் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். ஆறாம் நாள் ஸ்கேனில் நன்றாக வளர்ந்திருந்த முட்டைகள் அதற்குப் பிறகு வளரவில்லையாம். டாக்டருக்கே ஆச்சரியம். சில பேருக்கு இப்படி ஆகும், ஒரு வருடம் போகட்டும், மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாராம். இதெல்லாம் எனக்கு அக்காவே சொன்னது. மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தப் பித்தளைக் குடம்.

"ஸ்டூலு ஆடுது. செத்த புடி" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். குடத்தைப் பரணில் கவிழ்த்துவிட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து சொன்னாள். ஏழாம் நாள் காலையில் மாமா டூட்டிக்குப் போய்விட்டாராம். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். ஊசி போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று ரெங்கம்மாள் வாசலில் நின்று பேசினாளாம். பொறுக்காமல் போய் இரண்டு குடம் தூக்கி வந்தாளாம். உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்று நர்சம்மா சொல்லியிருந்தாராம்.

"ஆறாம் நாளு வரைக்கும் நல்லாருந்துச்சு அனிதா. ஏழாம் நாளு கொடம் தூக்குனேன். அதோட நின்னு போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாமில்ல நானு."

ஏழாம் நாள். நான் சோடாப் பெட்டி மேல் குப்பியைக் காயவைத்த அதே நாள். என் கை இன்னும் ஸ்டூலைப் பிடித்தபடியே இருந்தது. அவள் இறங்கிவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் குடம் தூக்கவில்லை. மாமா தூக்கினார். என்ன ஏது என்று விசாரிக்காமல் நான் அவருக்கு 'மருமவளே' என்று பெயர் வைத்திருந்தால் தேவலை. தெரிந்தேதான் வைத்தேன். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தால் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. கணக்கில் பதினொரு மார்க் வாங்கியவளின் கணக்கு.

அடுத்த வருடம் போலியோ சொட்டு மருந்துக்கு ஆள் வேண்டும் என்று நர்சம்மா கூப்பிட்டார். வேறு வேலை இல்லாததால் போனேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு தடுப்பூசிக் குப்பியை எடுத்துக் காட்டி, இதெல்லாம் ஐஸ் மேல் நேரடியாகப் பட்டுவிடக் கூடாது, கட்டி ஆகிவிட்டால் உருக்கினாலும் செத்த மருந்துதான், பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ளே போய் வேலை செய்யாது என்றார். வேறு மருந்தும் அப்படியா என்று கேட்டேன். ஊசி மருந்து நிறைய அப்படித்தான் என்றார். அன்றைக்கு நாற்பது பிள்ளைகள் விரலில் மை வைத்தேன். ஒரு பிள்ளையையும் கிள்ளவில்லை. நர்சம்மாவே எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இரண்டாம் தடவை வைத்தியத்துக்கு அக்கா திருச்சியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். திரும்பி வந்தபோது அவள் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தது. ஏழு மாதம் அவள் வாசல் தாண்டவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட மாமாதான் எடுத்துக் கொடுத்தார். இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில், நாள் ஆவதற்கு முன்பே, எட்டாம் மாதத் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ. இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்கள். கயல்விழி என்று பெயர் வைத்தார்கள்.

சமயபுரத்துக் குங்குமம் அதற்கு மேல் எடுபடவில்லை. ஊர் பிள்ளையைப் பார்க்க வந்தது. ரெங்கம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தபடி இருந்தாள். வந்தவர்கள் சீனியைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கிற சாக்கில் விரலை எண்ணினார்கள், கண் பார்வை நிற்கிறதா என்று கையை ஆட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்டுப் பிறந்த பிள்ளைக்கு மூளை மட்டாக இருக்கும் என்று ஒருத்தி. ஆயுசு பத்தாது என்று இன்னொருத்தி. கயல்விழிக்கு ஜலதோஷம் பிடித்தால் அது ஜலதோஷம் இல்லை, கண்ணாடியில் பிறந்ததன் பலன். எங்கள் வீட்டில் என் அக்கா மகனுக்கு மூக்கு ஒழுகினால் மட்டும் அது வெறும் மூக்கு ஒழுகல்.

திருச்சி டாக்டர்கள் கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். பிள்ளை எதையும் கொஞ்சம் நிதானமாகச் செய்தது, அவ்வளவுதான். உட்காரவே பத்து மாதம் தாண்டியது. இருபது மாதத்தில் சுவரைப் பிடித்து நிற்கும், விட்டால் பொத்தென்று உட்காரும். நாள் குறைந்து பிறந்த பிள்ளை கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும், வைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காலை நீவி விடுங்கள், பயப்படாதீர்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அக்கா எண்ணெய் தேய்த்து நீவினாள். பயப்படாமல் இருக்கத்தான் அவளுக்கு வரவில்லை.

இந்த வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரியலூர் மறுபடி தனி ஜில்லாவாகப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஏற்கெனவே ஒரு தடவை பிரித்துச் சேர்த்ததுதானே, இந்தத் தடவையாவது நிற்குமா என்று நான் கேலி பேசிக்கொண்டே அக்கா வீட்டுக்குள் போனேன். ரெங்கம்மாள் பெரம்பலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். என் கேலிக்குச் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் தூக்குன கொடந்தான் அனிதா இவ கால்ல வந்து நிக்குது," என்றாள், பிள்ளையைப் பார்த்தபடியே. "மொத புள்ளைய வரவுடாமப் பண்ணுனேன்ல. அந்தப் பாவம்."

ஒரு குடம் தண்ணீருக்கு இத்தனை பெரிய தண்டனையா. இதுவரை அந்தப் பழியை அவள் தன்மேல் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளோடு நின்றுவிடும் என்று நான்கு வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். இப்போது பிள்ளையின் காலுக்கு இறங்கிவிட்டது.

"கொடமில்லக்கா," என்றேன். "நானு."

சொன்னேன். பை, ஐஸ் பெட்டி, குச்சி ஐஸ், சோடாப் பெட்டி, வெயில், பாவாடை, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். முடித்தபோது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"ஏன்டி, என் மனசத் தேத்தறதுக்கு இவ்ளோ பெரிய கதையா?"

"கதையில்லக்கா. சத்தியமா."

"ஒன் சத்தியத்த நான் பாக்காததா?" என்று பிள்ளையைத் திருப்பிப் போட்டாள். தண்ணி லாரி வந்துவிட்டது என்று சத்தியம் செய்து தெருவையே குடத்தோடு ஓடவிட்டது நான்தானே. பள்ளத்தில் புலி கிடக்கிறது என்று செய்தது, கண்டக்டரிடம் என் அம்மாவுக்குப் பிரசவ வலி என்று செய்தது, எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொல்கிறேன், அது விலை போகவில்லை. இப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்லியும் ஆயிற்று, மாட்டவும் இல்லை. அப்படித் தோன்றியதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மாமா சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தியிருந்தார்.

"முடிச்சு மாறியிருந்துச்சு," என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழாம் நாளு. பையில இருந்தது என் முடிச்சு இல்ல. கேக்கலாம்னுதான் நின்னேன். கேட்டா என்ன மருந்து, யாருக்குன்னு கடையில நாலு பேரு முன்னாடி பேச்சு வரும். வாய மூடிக்கிட்டு எடுத்தாந்துட்டேன்."

அக்காவின் கை பிள்ளையின் காலில் அப்படியே நின்றது. சிரிப்பு முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எத்தினி நேரம் இருந்துச்சு ஐஸுக்குள்ள?"

"சாயங்காலத்துலேருந்து மறுநாளு மத்தியானம் வரைக்கும்."

"எங்க அத்தைக்குன்னு நெனச்சுப் பண்ணுன."

"ஆமாக்கா."

"அத்தைக்குன்னா பண்ணலாமா?"

அந்தக் கேள்வியை நான்கு வருடத்தில் நான் என்னிடம் கேட்டதே இல்லை. ஆள் மாறிப்போனதுதான் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கிழவிக்குச் சர்க்கரை இருந்து, செத்த மருந்தை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தரையில் நின்றபோதுதான் முதல் தடவையாக யோசித்தேன்.

"போ அனிதா," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவிடமும் அன்றைக்கே சொன்னேன். பத்தொன்பது வயதுப் பெண்ணின் காலை ஒடிக்க முடியாது என்பதால் அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஃபிரிட்ஜின் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றார். நர்சம்மாவிடமும் போய்க் கேட்டேன். நல்ல மருந்தாக இருந்தாலும் முதல் தடவையே கரு கூடும் என்று சொல்ல முடியாது, பாதிப் பேருக்கு மேல் கூடாமல்தான் போகிறது, உன்னால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, குடத்தால் என்று சொல்லவே முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். அதற்கு முன்னால் சொன்னது எனக்குத் தேவையில்லை, அதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் அடிபம்பில் டி.வி.எஸ். சத்தம் கேட்கவில்லை. கடையைத் திறந்துகொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். செல்வியக்கா பித்தளைக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நான்கு வருடப் புகையில் குடம் கறுத்து, பெயரே தெரியவில்லை. பின்னால் மாமா வெறுங்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி வந்தார். பம்படியில் யாரும் 'மருமவளே' என்று கூப்பிடவில்லை. அவளே அடித்து நிரப்பி, இடுப்பில் ஏற்றி, நடந்தாள். பழக்கம் விட்டுப்போன இடுப்பு. வழியெல்லாம் சிந்தியது. என் கடையைத் தாண்டும்போது நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. ஆவணியில் ஒரு நாள், வெயில் ஏறின நேரம், தலையில் ஒரு குடம் இடுப்பில் பிள்ளை என்று வந்தவள் கடை முன்னால் நின்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். புளி போட்டு விளக்கியிருந்தாள் போல, புள்ளி எழுத்தெல்லாம் தெரிந்தது. பிள்ளையை இறக்கிவிட்டாள். அது சோடாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்து ஒரு கையை விட்டது, மறுபடி பிடித்துக்கொண்டது.

"ஒரு சோடா குடு," என்றாள். "ஐஸு போடாம."

ஊரில் உள்ள கேலி எல்லாம் நான் அறிவேன். பாதி நான் கிளப்பியது. ஆனால் அது கேலியா கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. சோடாவை உடைத்துக் கொடுத்தேன். குடித்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். நிறைந்த குடத்தைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். தெருவில் ஒருத்தரும் இல்லை. நான்தான் இருந்தேன்.

சும்மாட்டை இன்னொரு தரம் அழுத்திவிட்டுக்கொண்டாள். பிறகு, "புடி" என்றாள்.

கல்லாவைத் தாண்டி வெளியே வந்து, குனிந்து, குடத்தின் அடியில் கை கொடுத்தேன்.